2012ல மொன்பெல்லியே சாம்பியன் ஆனது வெறும் அதிர்ஷ்டமா? அப்ப பாத்தவங்க சொல்லுங்க

நீலச்சட்டை_17 கேட்டது:

வணக்கம் மக்களே. நான் ஃப்ரெஞ்ச் லீக் பாக்க ஆரம்பிச்சதே மெஸ்ஸி பிஎஸ்ஜிக்கு (பாரிஸ் கிளப்) வந்த 2021ல தான், அதுக்கு முன்னாடி நடந்தது எல்லாம் படிச்சு தெரிஞ்சிக்கிட்டது. போன வாரம் சும்மா சாம்பியன் லிஸ்ட் பாத்துக்கிட்டு இருந்தேன், 2013ல இருந்து 2025 வரைக்கும் 13 சீசன்ல 11 தடவை பிஎஸ்ஜி, நடுவுல 2017ல மொனாக்கோ, 2021ல லீல். அது ரெண்டும் ஓரளவு தெரியும். அதுக்கு முன்னாடி பாத்தா 2012, மொன்பெல்லியே. கத்தார்காரங்க பிஎஸ்ஜிய வாங்கி ஆடுன முதல் சீசனே அது தானே, பஸ்டோரேவ மட்டும் 42 மில்லியன் யூரோ குடுத்து வாங்குனாங்க, அந்த வருஷம் போய் இவங்க எப்படி ஜெயிச்சாங்க?

ஆபீஸ்ல ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன், அவர் ப்ரீமியர் லீக் மட்டும் பாக்கறவர், "அது ஃப்ளூக்குப்பா, பிஎஸ்ஜி செட் ஆகறதுக்குள்ள லாட்டரி அடிச்சிட்டாங்க, அடுத்த வருஷமே காணாம போயிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டார். எனக்கு மனசு ஒப்பல. 38 மேட்ச் ஆடி 82 பாயின்ட் எடுத்தது எப்படிங்க லாட்டரி ஆகும்? அந்த சீசனை வாரா வாரம் பாத்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விரிவா சொல்லுங்க. ஸ்ட்ரைக்கர் ஜிரூ அங்க இருந்தார்ங்கறது மட்டும் தான் எனக்கு தெரியும்.

ஸ்டாப்பர்_பேக் பதில்:

தம்பி, நல்ல கேள்வி. நான் அந்த சீசனை பாதிக்கு மேல பாத்தவன், ராத்திரி கண்ணு முழிச்சு ஸ்ட்ரீம் நின்னு நின்னு ஓடும், அப்படித்தான் பாத்தோம். ஃப்ளூக்குன்னு யாராவது சொன்னா எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த லீக் அப்ப எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். 2002ல இருந்து 2008 வரைக்கும் லியோன் தொடர்ந்து ஏழு தடவை. அது உடைஞ்ச உடனே 2009 போர்தோ, 2010 மார்செய், 2011 லீல், 2012 மொன்பெல்லியே, 2013 பிஎஸ்ஜி. லியோனையும் சேத்தா ஆறு வருஷத்துல ஆறு வேற வேற சாம்பியன். இன்னைக்கு பாக்கறவங்களுக்கு நம்பவே முடியாது, ஆனா அன்னைக்கு ஆகஸ்ட் மாசம் யார் ஜெயிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாத லீக் அது. பிஎஸ்ஜியே கத்தார் வர்றதுக்கு முன்னாடி 1986, 1994ன்னு ரெண்டே தடவை தான் ஜெயிச்சிருந்தாங்க. அதனால 2012ஐ இன்னைக்கு இருக்கற கண்ணாடி போட்டு பாக்காதீங்க.

ரெண்டாவது, அந்த டீம் ஒரே வருஷத்துல வானத்துல இருந்து குதிக்கல. 2009ல தான் மேல் டிவிஷனுக்கு ஏறி வந்தாங்க, வந்த முதல் வருஷமே அஞ்சாவது இடம். அதே 2009ல அவங்க பசங்க டீம் காம்பார்டெல்லா கப் ஜெயிச்சது, அங்க இளைஞர்களுக்கு அது தான் பெரிய கப். பெலாந்தா, கபெல்லா, ஸ்டம்புலி, எல் கவுத்தாரி எல்லாம் அந்த செட்டு. மூணு வருஷம் கழிச்சு அதே பசங்க தான் லீக் ஜெயிச்ச டீம்லயும் இருந்தாங்க. கேப்டன் யாங்கா-ம்பீவா, கோல்கீப்பர் ஜூர்ட்ரேன், இவங்களும் கிளப்லயே வளந்தவங்க. மிட்ஃபீல்ட்ல சைஹி அந்த ஊர்லயே பொறந்த பையன். வருஷா வருஷம் தண்ணி ஊத்தி வளத்த மரம் காய்ச்சா அதை லாட்டரின்னு சொல்லுவீங்களா?

இந்த பசங்களோட வெளியில இருந்து கம்மி காசுல கொண்டு வந்தவங்க. ஜிரூவ 2010ல தூர் கிளப்ல இருந்து எடுத்தாங்க, அவர் அப்ப ரெண்டாவது டிவிஷன்ல 21 கோல் அடிச்சு டாப் ஸ்கோரர், ஆனாலும் பெரிய கிளப் எதுவும் நம்பி எடுக்கல. ஹில்டன் மார்செய்ல ஓரங்கட்டப்பட்டு 2011ல வந்தார், செப்டம்பர்ல 34 வயசு. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க, அவர் என்னடான்னா 2021 வரைக்கும் அங்கயே ஆடுனார், 43 வயசு வரைக்கும். நான் ஊர்ல டிஃபென்ஸ்ல ஆடுனவன், அவர் ஓடாம நிக்கற இடத்தை மட்டும் பாத்துக்கிட்டே இருப்பேன், பந்து எங்க வரும்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பெடிமோ, போகாலி, எஸ்ட்ராடா, உடாகா, கமாரா, எல்லாரும் அப்படித்தான், யாரும் பெரிய பேர் இல்ல, ஆனா ஒவ்வொருத்தருக்கும் அவங்க வேலை என்னன்னு தெரியும்.

கோச் ரெனே ஜிரார். ப்ளேயரா போர்தோவோட லீக் ஜெயிச்சவர், 1982 வேர்ல்ட் கப்ல ஃப்ரான்ஸுக்கு ஆடி மூணாம் இடத்து மேட்ச்ல போலந்துக்கு எதிரா கோலும் போட்டவர். சிடுமூஞ்சி மாதிரி தெரிவார் ஆனா அந்த பசங்களை ஆட விட்டார். டிஃபென்ஸ் நாலு பேரும் இறுக்கமா நிப்பாங்க, பந்து கிடைச்ச உடனே நேரா ஜிரூ நெஞ்சுக்கு, அவர் முதுகுல ஆளை வெச்சுக்கிட்டே பந்தை நிறுத்தி வைப்பார், பெலாந்தா பக்கத்துலயே ஓடி வருவார். இவ்வளவு தான். பாக்க ஈஸியா இருக்கும், தடுக்க முடியாது. ஜிரூ 21 கோல், பெலாந்தா 12.

பிரசிடென்ட் லூயி நிகொலான் பத்தி எழுதணும்னா தனி த்ரெட் வேணும். குப்பை அள்ளுற கம்பெனி நடத்துனவர், 1974ல இருந்து கிளப் அவர் கையில. வாய்க்கு வந்ததை பேசுவார், அதுக்காக தண்டனையும் வாங்குவார், ஆனா அந்த கிளப்பை குடும்பம் மாதிரி வெச்சிருந்தார். 1990ல கந்தோனா, லோரான் ப்ளான் இருந்த டீமோட ஃப்ரெஞ்ச் கப் ஜெயிச்சார், அதுக்கப்புறம் 22 வருஷம் கழிச்சு இது. பஸ்டோரே ஒருத்தருக்கு பிஎஸ்ஜி குடுத்த காசு மொன்பெல்லியேவோட மொத்த வருஷ பட்ஜெட்டை விட பெருசு. இதை உங்க ஆபீஸ் அண்ணன்கிட்ட சொல்லுங்க.

கவுன்ட்டர்_அட்டாக் பதில்:

ஸ்டாப்பர் அண்ணே எல்லாம் சரி, ஆனா ஒரு விஷயத்தை நீங்க தொடவே இல்ல. அந்த டைட்டிலை பாதி பிஎஸ்ஜியே தூக்கி குடுத்தாங்க. டிசம்பர்ல லீக் ப்ரேக் வரும்போது மேல இருந்தது யாரு? பிஎஸ்ஜி தான், மொன்பெல்லியேவ விட மூணு பாயின்ட் அதிகம். கோச் அந்துவான் கொம்புவாரே, அதே கிளப்புக்கு ஆடுனவர், 1993ல ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா தலையால முட்டி கோல் போட்டவர், இன்னைக்கும் பழைய ஃபேன்ஸ் மறக்க மாட்டாங்க. டேபிள்ல முதல் இடத்துல இருக்கும்போதே அவரை அனுப்பிட்டு அன்செலோட்டியை கொண்டு வந்தாங்க. பெரிய பேர் வேணும், அது தான் காரணம்னு எனக்கு தோணுது. ஜனவரியில தியாகோ மோத்தா, மேக்ஸ்வெல், அலெக்ஸ்னு மூணு பேரை இறக்குனாங்க. நல்ல ப்ளேயர்ஸ் தான், ஆனா ஓடிக்கிட்டு இருக்கற வண்டியில டயரை மாத்துன மாதிரி ஆயிடுச்சு.

இன்னொரு விஷயம் கவனிங்க. 2020 டிசம்பர்லயும் பிஎஸ்ஜி இதையே தான் பண்ணாங்க, டுகெலை அனுப்பிட்டு பொச்செட்டினோ வந்தார், அந்த சீசனும் கை நழுவி லீல் 83, பிஎஸ்ஜி 82ன்னு முடிஞ்சது. ரெண்டு தடவை டிசம்பர்ல கோச்சை மாத்துனாங்க, ரெண்டு தடவையும் டைட்டில் போச்சு. அதிர்ஷ்டம்னு நான் சொல்லல, ஆனா எதிராளி தப்பு பண்ணலைன்னா இது நடந்திருக்காது.

நேருக்கு நேர் மேட்ச்சையும் பாருங்க. செப்டம்பர்ல மொன்பெல்லியே க்ரவுண்டுக்கே போய் பிஎஸ்ஜி 3-0ன்னு அடிச்சாங்க. பாரிஸ்ல நடந்தது 2-2. அதாவது ரெண்டு மேட்ச்லயும் மொன்பெல்லியே ஜெயிக்கல.

ஸ்டாப்பர்_பேக் பதில்:

தம்பி நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு, கொம்புவாரேக்கு நடந்தது அநியாயம் தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா கணக்கை முழுசா போடுங்க. பாதி சீசன்ல மூணு பாயின்ட் பின்னாடி, கடைசியில மூணு பாயின்ட் முன்னாடி. அப்ப ரெண்டாவது பாதியில மட்டும் பிஎஸ்ஜிய விட ஆறு பாயின்ட் அதிகம் எடுத்திருக்காங்க. பிஎஸ்ஜியும் சும்மா உக்காந்து இல்லையே, மொத்தம் 38 மேட்ச்ல அஞ்சு தான் தோத்தாங்க, மொன்பெல்லியே ஆறு தோத்தாங்க! வித்தியாசம் ட்ராவுல தான், பிஎஸ்ஜி பத்து ட்ரா, இவங்க ஏழு. ஜெயிச்சது இவங்க 25, பிஎஸ்ஜி 23. ட்ரா ஆக வேண்டிய மேட்ச்சை கடைசி நிமிஷத்துல ஜெயிச்சிருக்காங்கன்னு தானே அர்த்தம். வாங்குன கோல் வெறும் 34, பிஎஸ்ஜி 41.

அந்த 2-2 மேட்ச் பிப்ரவரியில, நான் முழுசா பாத்தேன். முதல்ல அலெக்ஸ் அடிச்சார், பெலாந்தா சமன் பண்ணார், அப்புறம் உடாகா அடிச்சு மொன்பெல்லியே முன்னாடி போனாங்க, முடியப் போற நேரத்துல ஹோரோ ஒண்ணு போட்டு பாரிஸ் தப்பிச்சது. அன்னைக்கு ராத்திரி தான் இந்த டீம் ஓடி ஒளியப் போறது இல்லைன்னு எனக்கு புரிஞ்சது. செப்டம்பர்ல 3-0 வாங்குன பசங்க அஞ்சு மாசத்துல அங்க போய் பயப்படாம ஆடுனாங்க.

எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடிச்சது மே மாசம் தான். மே 1 ஆம் தேதி எவியான் கிளப்புக்கு எதிரா, மொன்பெல்லியேவோட சொந்த க்ரவுண்டுல 2-2. பெலாந்தா கோவத்துல ரெட் கார்டு வாங்கிட்டார், கடைசியில பெனால்டி கிடைச்சது, கமாரா அடிச்சு மிஸ் பண்ணிட்டார். கமாரா கிளப்புக்கு உயிரைக் குடுக்கற மனுஷன், அவர் மூஞ்சிய பாக்க முடியல. முடிஞ்சது கதைன்னு நினைச்சேன். அடுத்த வாரம் ரென் ஊருக்குப் போய் 2-0 ஜெயிச்சாங்க. அதுக்கடுத்து மே 13, லீல், அவங்க தான் நடப்பு சாம்பியன், ஹசார்ட் இருக்கார். 90 நிமிஷமும் 0-0. இஞ்சுரி டைம்ல ஜிரூ ஓரத்துல உடம்பை வெச்சு டிஃபெண்டரை மறைச்சு பந்தை காப்பாத்தி உள்ள தள்ளுறார், கரீம் அயித்-ஃபனா ஓடி வந்து போடறார். 1-0. தம்பி, இதை மட்டுமாவது தேடிப் பாருங்க. கோல் போட்டது அயித்-ஃபனா, ஆனா அது ஜிரூவோட கோல். அந்த சீசன் முழுக்க அவர் என்ன பண்ணாரோ அதெல்லாம் அந்த பத்து செகண்டுல இருக்கு.

லாசப்பல்காரன் பதில்:

வணக்கம் எல்லாருக்கும். நான் அப்ப பாரிஸ்ல தான் இருந்தனான், இப்பவும் இங்க தான். சொன்னா நம்புவியளோ தெரியாது, நான் பேஎஸ்ஜே ஆதரவாளன் (பிஎஸ்ஜியை இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது), கத்தார் வாறதுக்கு முன்னமே நான் அந்த ரீமுக்கு தான். அதால எனக்கு அது தோத்த வருசம். ஆனாலும் மொன்பெல்லியேக்கு அதிர்ஷ்டம் எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன்.

கடைசி நாள் மே 20, ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில வேலை, மேல அலுமாரியில சின்ன ரேடியோ ஒண்டு. எங்கட ஆக்கள் லோரியோனில ஆடினவை, மொன்பெல்லியே ஓசேரில. கணக்கு என்னெண்டா மொன்பெல்லியே மூண்டு பொயின்ற் முன்னுக்கு, அவைக்கு சமநிலையே போதும். ஆனா அவை தோத்து நாங்க வெண்டா ரெண்டு பேருக்கும் 79, கோல் வித்தியாசத்தில நாங்க சாம்பியன். ஓசேர் அதுக்கு முதல் வாரமே கீழ் டிவிஷனுக்கு இறங்கிறது முடிவாகிட்டுது, 32 வருசம் மேல இருந்த கிளப், அந்தச் சனத்துக்கு எவ்வளவு கோவம் இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்கோ. அப்பிடிப்பட்ட ஓசேர் தான் முதல் கோல் அடிச்சது, கபோ அடிச்சவர். நான் கையில இருந்த தட்டை மேசையில வைச்சிட்டு அப்பிடியே நிண்டிட்டன். பிறகு உடாகா ஒண்டு அடிச்சு சமன்.

ரெண்டாவது பாதியில ஓசேர் ஆதரவாளர்கள் மைதானத்துக்குள்ள முட்டை, தக்காளி, ரொய்லற் பேப்பர், தீப்பந்தம் எண்டு எறியத் தொடங்கீட்டினம், கிளப் நடத்தினவையில இருந்த கோவம். ஆட்டத்தை ஒருக்காலுக்கு மேல நிப்பாட்டினவை. லோரியோனில எங்கட மட்ச் முடிஞ்சுது, 2-1 வெண்டிட்டம். முடிஞ்சும் முடியேல்ல! எங்கட ஆக்கள் ஆடி முடிச்சிட்டு காத்துக்கொண்டு நிக்கினம், அங்க ஓசேரில இன்னும் ஆட்டம் நடக்குது. எங்கட செஃப் அடுப்பை நிப்பாட்டிப் போட்டு ரேடியோவுக்கு கிட்ட வந்து நிண்டார், வெளியில சாப்பாட்டுக்கு சனம் காத்திருக்கு. உடாகா ரெண்டாவதும் அடிச்சு 2-1 எண்டு முடிஞ்ச பிறகு தான் எல்லாரும் ஒரு சொல்லும் கதைக்காம வேலைக்குத் திரும்பினம்.

நான் அண்டைக்கு இரவு ரயில்ல போகேக்க யோசிச்சது இது தான், பிழை விட்டது எங்கட கிளப், வெண்டது நல்ல ரீம், ரெண்டும் உண்மை. கொம்புவாரேயை அனுப்பினது எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல, அவர் எங்கட மனுசன். ஆனா முட்டையும் நெருப்பும் பறக்கிற மைதானத்தில, ஆட்டம் நிண்டு நிண்டு நடக்கேக்க, 22, 23 வயசுப் பெடியள் பதறாம பின்னுக்கு இருந்து வந்து வெல்லுறதெண்டா அது லேசான வேலை இல்லை. அடுத்த நாள் பேப்பரில நிகொலான்ர படம், கிளப் கலரில செம்மஞ்சளும் நீலமுமா தலைமயிரை மொஹாக் வெட்டி விட்டிருந்தார், அறுபத்தெட்டு வயசில. மொன்பெல்லியே நடுவில கொமெடி சதுக்கம் முழுக்கச் சனம். எனக்கு கவலையா இருந்தது, ஆனா அந்தக் கிழவனைப் பாத்து சந்தோசப்படாம இருக்கவும் ஏலேல்ல.

சேலம்_நைன் பதில்:

சின்ன கூடுதல் தகவல், நான் ஜிரூ ரசிகன். அந்த சீசன் பிஎஸ்ஜி நெனேவும் 21 கோல் தான், ஆனா டாப் ஸ்கோரர் விருது ஜிரூவுக்குப் போச்சு, ஏன்னா பெனால்டி இல்லாம அடிச்ச கோல் ஜிரூவுக்கு அதிகம். சிறந்த ப்ளேயர் விருது ஹசார்ட் வாங்கினார், 20 கோல், அதுவும் நியாயம் தான். ரெண்டு பேரும் அந்த கோடையிலயே இங்கிலாந்து போயிட்டாங்க, ஜிரூ ஆர்செனல், ஹசார்ட் செல்சி. ரெண்டாவது டிவிஷன்ல இருந்து வந்த ஜிரூ அப்புறம் 57 கோலோட ஃப்ரான்ஸ் டீமோட டாப் ஸ்கோரர் ஆனார். அதுக்கு வாசல் தொறந்தது அந்த ரெண்டு மொன்பெல்லியே சீசன் தான்.

நீலச்சட்டை_17 பதில்:

யப்பா, இவ்வளவு விஷயம் கிடைக்கும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. லாசப்பல் அண்ணா, உங்க குசினி கதைய ரெண்டு தடவை படிச்சேன். சரி, அந்த அண்ணன் சொன்ன ரெண்டாவது விஷயம், "அடுத்த வருஷமே காணாம போயிட்டாங்க"ன்னு, அது உண்மையா? அப்ப ஏன் அப்படி ஆச்சு?

ஸ்டாப்பர்_பேக் பதில்:

அது ஓரளவு உண்மை தான், மறைக்க ஒண்ணும் இல்ல. அடுத்த சீசன் ஒன்பதாவது இடம். சாம்பியன்ஸ் லீக்ல ஆர்செனல், ஷால்கே, ஒலிம்பியாகோஸ் இருந்த க்ரூப்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல, ஷால்கேவோட ரெண்டு ட்ரா மட்டும், கடைசி இடம். முதல் மேட்ச்சே ஆர்செனல் அங்க வந்தாங்க, ஜிரூ எதிர் சட்டையில! பெலாந்தா பெனால்டிய கோல்கீப்பர் விழுந்தப்புறம் மெதுவா நடுவுல தூக்கிப் போட்டு 1-0, கொஞ்ச நேரம் கனவு மாதிரி இருந்தது, ஆனா 2-1ன்னு தோத்தாங்க. ஜனவரியில கேப்டன் யாங்கா-ம்பீவா நியூகாசிலுக்கு போயிட்டார், ஜிராரும் அந்த சீசனோட கிளம்பி லீல் போய் அவங்களை மூணாவது இடத்துக்கு கொண்டு வந்தார். ஜிரூ இடத்துல வேற ஆளை வாங்கலாம், ஆனா அந்த நெஞ்சை வாங்க முடியாது, மொத்த ஆட்டமும் அதுல தொங்கிக்கிட்டு இருந்தது. காசு இல்லாத கிளப்புக்கு ஜெயிச்சா இது தான் நடக்கும், ஜெயிச்ச உடனே கடைக்காரன் மாதிரி எல்லாரும் வந்து விலை கேப்பாங்க.

நிகொலான் 2017 ஜூன் 29 ஆம் தேதி, அவரோட 74 ஆவது பிறந்தநாள் அன்னைக்கே இறந்து போயிட்டார். மகன் லோரான் கிளப்பை எடுத்து நடத்துனார். 2009ல ஏறி வந்தவங்க 16 சீசன் தொடர்ந்து மேல இருந்து 2025ல கடைசி இடம் வந்து இறங்கிட்டாங்க. எனக்கு அந்த டேபிளை பாக்க மனசு வரல.

லாசப்பல்காரன் பதில்:

தம்பி, ஒண்டு மட்டும் சொல்லுறன். போன வருசம் வேலை விசயமா மொன்பெல்லியே போனனான், லா பையாட் பக்கம் ட்ராமில போகேக்க அந்தக் கிளப்பின்ர மொசோன் மைதானத்தைப் பாத்தன். பெரிய குடியிருப்புக் கட்டிடங்களுக்குப் பக்கத்தில தான் அது. ட்ராமில ஒரு வயசான மனுசன் பக்கத்தில இருந்தார், நான் மைதானத்தையே பாத்துக்கொண்டிருக்கிறதைக் கண்டிட்டு எந்த ஊர் எண்டு கேட்டார், பாரிஸ் எண்டன். சிரிச்சுப்போட்டு "2012" எண்டு மட்டும் சொன்னார். நானும் தலையாட்டினன்.

நீலச்சட்டை_17 பதில்:

அண்ணா 🙏 அயித்-ஃபனா கோல் இப்ப தான் பாத்தேன், ஸ்டாப்பர் அண்ணன் சொன்ன மாதிரியே ஜிரூ அந்த டிஃபெண்டரை விடவே இல்ல. அந்த லீல் மேட்ச் முழு 90 நிமிஷமும் எங்கயாவது கிடைக்குமா? லிங்க் இருந்தா போடுங்க, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் அண்ணனை வீட்டுக்கு கூப்பிட்டிருக்கேன், சேந்து உக்காந்து பாக்கணும்.